மழையில் எடுக்காத கார்

எங்கள் பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை, கார் இருந்தது. அவருடைய தாத்தா வாங்கியது. நூறு வயதை எட்டிப்பிடிக்க இருந்தது. முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றினால்தான் இஞ்சின் உயிர் பெறும். கித்தான் கூரை, அமுக்கினால் வாத்துபோலக் கத்தும் ரப்பர் ஹாரன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குத்துக்கல்வலசையிலிருந்து குற்றாலம் வரை போய்த் திரும்பும். சைக்கிள்காரர்கள்கூட முந்திக்கொண்டு போவார்கள். போனவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற கூட்டம் அருவியை மறந்துவிட்டு எங்கள் காரைச் சுற்றிக்கொள்ளும். பஸ்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். பின் சீட்டில் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

ஒரே குறை, பெரியப்பாவின் மனைவியான எங்கள் பெரியம்மை. முன் சீட்டில் இருந்துகொண்டு வழிநெடுகப் பேசுவாள்.

“இந்தா, செவலை மாடு ஒண்ணு குறுக்க வருது. இடப்பக்கம் ஒருத்தன் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கான். அங்கன பஸ்ஸு வருது, நல்லா ஒதுங்கிக்கிடுங்க.”

பெரியப்பா ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே போவார். காருக்கு இருக்கிற பிரேக்கை அக்கா வாய்க்குப் போட்டால் தேவலை என்று அம்மா கேலி செய்வாள். பெரியம்மையும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த ஆனி மாதம் சாரல் என்பது பேருக்குத்தான், கொட்டித் தீர்த்தது. ஒரு மத்தியானம் பெரியம்மை அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அப்பா பைக்கில் சுரண்டைக்குப் போயிருந்தார். ஊர் ஆட்டோக்கள் எல்லாம் குற்றாலத்தில். ஆம்புலன்ஸ் சீசன் நெரிசலில் சிக்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் பெரியப்பாவும் அவளைத் தூக்கிக் காரின் பின் சீட்டில் கிடத்தினார்கள். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். அடம்பிடிக்கிற இஞ்சின் அன்றைக்கு முதல் சுழற்றலிலேயே பிடித்துக்கொண்டது.

“எடுங்க அத்தான்!” என்று அம்மா கத்தினாள்.

பெரியப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பின்னால் திரும்பிப் பெரியம்மையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவளிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, முன்னால என்ன தெரியுது?”

“மழைதான் பெரியப்பா.”

இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். கேட்டில் இடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, மழையோடு மெயின் ரோட்டுக்கு ஓடினார். எப்படியோ ஒரு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

துஷ்டி கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லி அழுதாள். “காரு நனைஞ்சிரும்னு எடுக்கலையே, பாவி மனுசன். பொண்டாட்டியவிட வண்டி பெருசாப் போச்சே.” பெரியப்பா பந்தலில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். சொந்தபந்தம் மொத்தமும் அவரை வெறுத்தது. நானும் வெறுத்தேன்.

அதற்குப் பிறகு கார் கொட்டகையை விட்டு வரவில்லை. போட்டோ எடுக்கத் தேடி வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடம் அவர் வாய்க்காலில் தவறி விழுந்தபோதுதான் அப்பா அவரைத் திருநெல்வேலிக்கு, கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். பார்வை பல வருடமாகவே மங்கிக்கொண்டு வந்திருக்கிறது, வெறும் நிழல்தான் தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா வந்து சொன்னதைக் கேட்டு அம்மா அன்றைக்குச் சோறு உண்ணவில்லை.

பெரியம்மை வழியெல்லாம் மாடு, பஸ், ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்ததை நான் வாயாடித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டபோதும், மழை பெய்வதுகூடவா இவருக்குத் தெரியவில்லை என்று எரிச்சல்தான் வந்தது.