கச்சான் பக்கம்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை நீண்டுவிடும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆடி மாதத்துப் பகலைப் பற்றி எழுதுவதென்றால் இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

என் தம்பி கடலுக்குப் போனவன். ஒரு மாரியில் படகு கவிழ்ந்து, கூடப் போனவன் திரும்பி வரவில்லை. இவன் வெறும் எண்ணெய்க் கலன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்து கரைசேர்ந்தான். இனி இவன் கால் கடலில் படக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். கன்னியா வீதியில் எங்கள் வளவின் பின்புறம் பொலிடனல் போட்டது தக்காளிக்காக அல்ல, இவனைக் கரையில் கட்டி வைக்கத்தான்.

இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்து, மேலே பொலித்தீன் போர்த்திய நீளமான கூடு அது. இரண்டு பக்கமும் சுருட்டி ஏற்றுகிற திரைகள். வெயில் ஏறுவதற்குள் சொட்டுக் குழாயில் தண்ணீர் விட்டுவிடுவோம். பிறகு திரைகளை ஏற்றி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடுவோம். விடாவிட்டால் பூவெல்லாம் கொட்டிப் போகும். தம்பி மூன்றே மாதத்தில் எல்லாம் பழகிவிட்டான். கிழிந்த வலை பொத்திப் பழகிய கையால் அவன் செடிகளை நூலில் ஏற்றிக் கட்டுகிற நேர்த்தியைப் பார்த்து நின்றிருக்கிறேன். அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வாரம் கச்சான் காற்று பிடித்தது. கந்தளாய்ப் பக்கமிருந்து கொதித்துக்கொண்டு வருகிற காற்று. தகரத்தைப் பிடுங்கும், ஓலையைக் கிழிக்கும், மனிதரையும் எரிச்சல்காரராக்கும். அது வீசும்போது காற்று வரும் பக்கத்துத் திரையை இறுக்கி இறக்கிவிட்டு மறுபக்கத்தை மட்டும் திறக்க வேண்டும். அன்று காலை இன்னும் சூடு ஏறாததால் இரண்டையும் இறக்கி வைத்துவிட்டு, அடைத்துப்போன சொட்டுக் குழாய்களுக்குப் பதில் புதியவை வாங்க டவுனுக்குப் போனேன். கடையில் நிற்கும்போது தம்பியின் போன் வந்தது.

"அக்கா, உள்ளுக்கு நிக்க ஏலாமக் கிடக்கு. தண்ணி விட்டும் இலையெல்லாம் வாடுது."

"கச்சான் பக்கத்தைத் திறந்து விடு."

"அங்காலதானே அக்கா காத்து அடிக்குது?"

"எனக்குப் படிப்பிக்காதை. சொன்னதைச் செய்."

போனை வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது எங்கள் பொலித்தீன் வீதிக் கரண்ட் கம்பியில் சுற்றிக்கொண்டு படபடவென்று அடித்தது. வளவுக்குள் ஓடினேன். காற்று கூட்டுக்குள் புகுந்து, ஊதி, கூரையை வெடிக்க வைத்திருந்தது. வில் குழாய்கள் நிலத்திலிருந்து பிடுங்கப்பட்டு முறுகிக் கிடந்தன. நூலில் கட்டிய செடிகள் வேரோடு மேலே இழுபட்டுத் தொங்கின. காய்கள் நசுங்கி மண்ணெல்லாம் சிவப்பு. பெரிய குழாய் உடைந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீச்சியது. நடுவில் தம்பி, மிச்சமிருந்த கூரையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். காற்று அவனைத் தூக்கித் தூக்கிக் குத்தியது.

கையில் புதுக் குழாய்ச் சுருள் இருந்தது. அதாலேயே அடித்தேன். தோளில், கழுத்தில், பிறகு முகத்தில்.

"கண் பொட்டையோடா உனக்கு? காத்து வாற பக்கத்தையோ திறக்கிறது?"

அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. திமிர் என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தேன். கன்னம் கிழிந்தது. பிறகுதான் கண்டேன். கயிறு இரண்டு உள்ளங்கைகளையும் அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. தூக்க அவனுக்குக் கை இல்லை.

"நீங்கள்தான் கச்சான் பக்கத்தைத் திறக்கச் சொன்னனீங்கள்," என்றான். குரல் உயரவில்லை.

கூட்டின் கடற்கரைப் பக்கம், காற்றுக்கு மறைவில், நான் நிலக்கடலை போட்டிருந்தேன். நாங்கள் அதையும் கச்சான் என்றுதான் சொல்வோம். நான் சொன்னது அந்தப் பக்கத்தை. கடலில் வளர்ந்தவனுக்குக் கச்சான் என்றால் காற்று மட்டும்தான். அப்படியும் அவனுக்குச் சந்தேகம் வந்தது, கேட்டான். வாயை அடைத்தவள் நான்.

நான் அவன் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் சொன்னது, "போய்த் தண்ணியைப் பூட்டு. வீணாப் போகுது." அவன் போனான். விரல் மடங்காததால் முழங்கையால் நெம்பிக் குழாயைப் பூட்டினான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கை ஆற இரண்டு கிழமை எடுத்தது. தினமும் நானே மருந்து கட்டினேன். நண்டுக் கறி வைத்தேன். புதுப் பொலித்தீன் கொண்டுவந்து இறக்கினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அவனும் வழமைபோல அக்கா, அக்கா என்றுதான் கதைத்தான். கோபம் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஒரு காலை பையோடு வந்து நின்றான். திரியாயில் ஒரு படகுக்கு ஆள் தேவையாம்.

பையைப் பிடித்து இழுத்தேன். "உனக்கென்ன விசரோ? அந்தக் கடல் உன்னைக் கொல்லப் பார்த்ததடா."

"ஓம்," என்றான். கன்னத்துத் தழும்பைத் தடவிக்கொண்டான். "ஆனா அக்கா, கடலில எனக்கு ஆரும் அடிக்கேல்ல."

போகும்போது காற்றில் அடிபடாதபடி கேற்றுக்குக் கொக்கி போட்டுவிட்டுப் போனான்.