என் பெயரில் ஒரு போல்டர்

சொந்தமாக முதல் கணினி வாங்கியபோது, விண்டோஸ் கேட்ட இடத்தில் என் பெயரைத் தமிழில் போட்டேன். வங்கியிலும் வாடகைப் பத்திரத்திலும் ஆங்கிலத்தில் எழுதி எழுதி அலுத்துப் போயிருந்தது. கொழும்பில், வெள்ளவத்தை வீட்டு மேசையில் இருக்கும் பெட்டியாவது என்னைச் சரியாகக் கூப்பிடட்டும் என்று நினைத்தேன்.

வினை அங்கேதான் தொடங்கியது. தமிழ், சிங்களம் உட்படப் பல மொழி எழுத்துகளைத் திரையில் வரையும் லைப்ரரி ஒன்றை, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, எங்கள் குழு எழுதிக்கொண்டிருந்தது. எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றுவதைத்தான் பில்ட் என்போம். லினக்ஸ், மேக் கணினிகளில் அது சமர்த்தாக முடிந்தது. என் விண்டோஸில் மட்டும் பாதி வழியில் படுத்துவிட்டது. காரணத்தைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விண்டோஸ் நான் கொடுத்த பெயரிலேயே ஒரு போல்டர் உண்டாக்கி, என் கோப்புகளை எல்லாம் அதற்குள் வைத்திருந்தது. எங்கள் குழுவே எழுதிய ஒரு சின்னக் கருவி, அந்தப் பெயரை வாசிக்கத் தெரியாமல் வரிசையாகக் கேள்விக்குறி போட்டு, அப்படியொரு இடமே இல்லை என்றது.

கொட்டாஞ்சேனையில் இருந்த குழுத் தலைவர் போனில் சிரித்தார்.

"இதுக்கேன் தலையைப் போட்டு உடைக்கிறீங்கள்? இங்கிலீஷ் பேரில புது அக்கவுண்ட் ஒண்டு திறவுங்கோ. வெள்ளிக்கிழமை ரிலீஸ் எல்லோ."

"மாட்டன். தமிழ் எழுத்து வரையிற சாமானுக்குத் தமிழ்ப் பேர் வாசிக்கத் தெரியாதெண்டால், வெட்கப்பட வேண்டியது நானில்லை."

"அப்ப சரிவராட்டி விண்டோஸை விட்டிட்டுத்தான் வெளியிடுவம். பொறுப்பு நீங்கள்."

"ஓம், நான்தான்."

வீறாப்பாகச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். எங்கள் பக்கத்து டைப்பிங் கடைகளில் எல்லாம் விண்டோஸ்தான் ஓடுகிறது. நான் தோற்றால் அவர்களுக்கும் லைப்ரரி இல்லை. கருவியின் பழைய நிரலை வரி வரியாகப் புரட்டினேன். கோப்புகளைத் திறக்கும் இடங்களில் தமிழ் எழுத்து வரக்கூடும் என்று எழுதியவர் யோசித்தே பார்க்கவில்லை. அத்தனையையும் திருத்தினேன். கரையோர ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கியது.

வியாழன் மத்தியானம் பில்ட் முழுதாக முடிந்தது.

"சரி, நீங்கள் வெண்டிட்டீங்கள்," என்றார் தலைவர்.

எனக்கு அது போதவில்லை. நாளைக்கு வேறொருவர் மறுபடி கெடுத்துவிடலாம். அதனால் ஒவ்வொரு பில்டிலும் தானாக ஓடும் ஒரு சோதனையையும் சேர்த்தேன்.

"இது தேவையோ?" என்று கேட்டார்.

"தேவை."

இப்போது எந்த நாட்டில் யார் இந்த லைப்ரரியை பில்ட் செய்தாலும், முதலில் என் பெயரில், தமிழில், ஒரு போல்டர் உண்டாகும். எல்லாம் அதற்குள்தான் நடக்க வேண்டும். அந்தப் பெயரை வாசிக்க முடியாவிட்டால் பில்ட் நின்றுவிடும். நிற்கட்டும்.