ராசிபுரத்தில் கேட்ட மன்னிப்பு

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நானும் என் ஒன்பது வயது மகள் ஜெமிமாவும் சேலம் ஜங்ஷனில் இறங்கினோம். கல்லூரியில் என்னோடு படித்த தானியேல் ராசிபுரத்தில் ஆசிரியராக இருக்கிறான். மறுநாள் அவனுடைய மூன்றாவது குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன். அந்தக் குழந்தை விசுவாசத்தில் வளர நானும் பொறுப்பு என்று சபை முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து வரும்போதே அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் இருந்தது.

வேலை காரணமாக என் மனைவியால் வர முடியவில்லை. குழந்தைக்குத் தானே தைத்த வெள்ளைக் கவுனை அட்டைப்பெட்டியில் வைத்து ஜெமிமாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எட்டு மணிக்கு ராசிபுரம் வழியாகப் போகும் நாமக்கல் பஸ்ஸில் ஏறினோம். முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். மல்லூர் தாண்டியதும் இரு பக்கமும் மரவள்ளிக் காடு. ஓர் ஆலைக் களத்தில் ஜவ்வரிசியைப் பரப்பிக் காய வைத்திருந்தார்கள். “அப்பா, பனி பெய்ஞ்ச மாதிரி இருக்கு!” என்று ஜெமிமா ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டாள்.

“ராசிபுரம் எறங்கறவங்க முன்னாடி வந்துருங்க” என்று கண்டக்டர் கத்தினார். இறங்கினோம். பஸ் கிளம்பிப் போன பிறகுதான் ஜெமிமாவின் வெறுங்கையைப் பார்த்தேன்.

“பெட்டி எங்கே?”

“நீங்கதானேப்பா வாங்கி மேல வெச்சீங்க?”

“நானா? பொய் சொல்லாதே!”

என் குரலுக்குப் பழக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் விடவில்லை. பொய் பேசுவதைப் பற்றி அவள் ஞாயிறு பள்ளியில் படித்த வசனத்தை அங்கேயே நின்று ஒப்பிக்கச் சொன்னேன். அழுதுகொண்டே, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

அதற்குள் மொபெட்டில் வந்து சேர்ந்த தானியேல், விஷயத்தைக் கேட்டதும் பஸ் ஸ்டாண்ட் நேரக்காப்பாளர் அறைக்கு ஓடினான். அவர் கண்டக்டருக்குப் போன் போட்டார். பதினொன்றரைக்கு நாமக்கல்லிலிருந்து திரும்பிய வேறொரு பஸ்ஸில் பெட்டி வந்து சேர்ந்தது.

“மேல சாமான் வெக்கற எடத்துல இருந்துச்சாமுங்க” என்று பெட்டியை நீட்டிய நேரக்காப்பாளர், என்னையும் ஜெமிமாவையும் மாறி மாறிப் பார்த்தார். “பாப்பாவுக்கு எட்டாதுங்களே. நீங்கதான் வெச்சிருக்கோணும்.”

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் வெளியே வேடிக்கை பார்க்கட்டும் என்று பெட்டியை வாங்கி மேலே வைத்தவன் நானேதான். “சரி சரி, கிடைச்சிருச்சுல்ல” என்று சிரித்துச் சமாளித்தேன். ஜெமிமா சிரிக்கவில்லை. மத்தியானம் தானியேலின் மனைவி ரூத் பரிமாறிய சாப்பாட்டையும் சரியாகச் சாப்பிடவில்லை.

மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டு முடிந்ததும் யாரும் வேதாகமத்தைத் திறக்கவில்லை. “எங்க ஊட்ல மொதல்ல மன்னிப்பு, அப்பறந்தான் ஜெபம்” என்றான் தானியேல். பிறகு தன் மூத்த மகன், பதினொரு வயது யோவானிடம் திரும்பி, “இந்த வாரம் கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி ஏமாத்திப்போட்டேன். மன்னிச்சிரு கண்ணு” என்றான்.

அடுத்து ஆறு வயது சாரா. “அண்ணன் தட்டுல இருந்த முட்டைய நாந்தான் தின்னுபோட்டேன்.”

“தெரியும். உன் மூக்குலயே மஞ்சக்கரு இருந்துச்சு” என்றான் யோவான். ரூத் சிரித்த சிரிப்பில் மடியில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டது.

அடுத்தது என் முறை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுவே பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒன்பது வருஷமாக எத்தனையோ முறை ஜெமிமாவை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். நான் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“ஜெமி, பெட்டியை வெச்சது அப்பாதான். நீ பொய் சொன்னதாச் சொல்லி உன்னை எல்லார் முன்னாடியும் அழ வெச்சுட்டேன். மன்னிச்சிடும்மா.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “மன்னிச்சுட்டேன். ஆனா அந்த வசனத்தை நீங்களும் சொல்லணும்.”

எழுந்து நின்று ஆரம்பித்தேன். பாதியில் மறந்துபோயிற்று. சாரா அடியெடுத்துக் கொடுத்தாள். முடிப்பதற்குள் ஜெமிமா விழுந்து விழுந்து சிரித்து, என் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஆராதனையில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றேன். ஆயர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். முந்தின நாள் இருந்த பெருமை இல்லை, பயம் இருந்தது. பக்கத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஜெமிமா நின்றிருந்தாள்.

தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஜெபம் முன்பெல்லாம் பத்தே நிமிஷத்தில் முடிந்துவிடும். இப்போது அரைமணி நேரம் ஆகிறது. ஜெமிமாவும் அவள் அம்மாவும் மன்னிப்புக் கேட்டுச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். நான்தான் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.