ஓடைக்கரையில் நான் கழற்றச் சொன்ன குதிரைமயிர்த் தொப்பி

என் மகன் திருமணத்துக்குக் கொரிய சம்பந்தி வரவில்லை, அவருக்குச் சம்மதமில்லை. இந்தத் தை மாதம் அவராகவே தன் மகள், என் மருமகள் மினாவோடு கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். என் கணவரின் அஸ்தியைக் கரைத்த இடத்தில் வணங்கிவிட்டு, உறவை ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். கல்வராயன் மலையில், வெள்ளிமலை போகும் வழியிலுள்ள ஓடை அது.

காலை ஏழு மணிக்கு வாடகைக் கார். போக வர மூவாயிரம் ரூபாய். கட்டணத்தை முன்னதாகவே பேசி முடித்துவிடுங்கள். கச்சிராயபாளையம் தாண்டினால் மலைப்பாதை.

சம்பந்தி வெள்ளை அங்கியும் கறுப்புத் தொப்பியுமாக ஏறினார். குதிரைமயிரும் மூங்கில் இழையும் சேர்த்துப் பின்னிய அதன் பெயர் 'காத்'. விளிம்பு அகலம், உள்ளே தலை தெரியும் அளவுக்கு மெல்லிசு. வெயிலையும் தடுக்காது, மழையையும் தாங்காது.

ஓட்டுநர் முருகேசன் கேட்டார்: "இன்னாம்மா, கொசுவலைய தலைல கவுத்துக்கினு வர்றாரு?"

"ரோட்டைப் பாருங்க."

"பாத்துக்கினுதான் வரேன். வளைவுல அது கண்ணாடில இடிக்குதுங்களே!"

ஓடைக்கரையில் முருகேசன் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார். சம்பந்தி தொப்பியோடே முன்னே நடந்தார். நான் கான்வென்ட்டில் படித்தவள். பெரியவர்கள் முன், இறந்தவர்கள் முன் ஆண்கள் தொப்பியோடு நிற்பதைப் பொறுக்கமாட்டேன்.

"தொப்பியை எடுக்கச் சொல், மினா."

"வேணாம் அத்தை."

"சொல்."

சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. நாடாவை அவிழ்த்து, தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரை நோக்கித் திரும்பி நடந்துவிட்டார்.

"எங்க ஊர்ல மரியாதைக்குத்தான் இதைப் போடறது. வீட்டுக்குள்ளகூட எடுக்க மாட்டாங்க. வெறுந்தலையோட மாமாவைக் கும்பிட முடியாது. நீங்க அப்பாவை வேட்டிய அவுக்கச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு," என்றாள் மினா.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அசையாமல் நின்றேன்.

"போய்க் கூப்புடுங்கம்மா," என்றார் முருகேசன். "சம்பந்தி கோச்சிக்கினு போறாரு, நீங்க செலையாட்டம் நின்னுகினு இருக்கீங்க."

போனேன். என் தலையைத் தொட்டுக் காட்டி, அணிந்துகொள்ளுங்கள் என்று கைகூப்பினேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். பிறகு நிதானமாக நாடாவைக் கட்டினார்.

ஈரப்பாறையில் மண்டியிட்டு ஓடையை நோக்கி இரண்டு முறை வணங்கினார். எழுந்தவர் என் பக்கம் திரும்பி, ஒரு முறை. நான் பதறிப் பின்னால் நகர்ந்தேன். கணவர் போனபின் சுபகாரியங்களில் என்னிடம் யாரும் ஆசி கேட்டதில்லை.

"இறந்தவங்களுக்கு ரெண்டு," என்றாள் மினா. "உயிரோட இருக்கிறவங்களுக்கு ஒண்ணு."

போகிறவர்கள் குடிநீர் எடுத்துச் செல்லுங்கள், பாறை வழுக்கும். காத் அணிந்த விருந்தினர் வந்தால் உயரமான காராகப் பிடியுங்கள், எந்த வாசலிலும் அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். அவர் உங்களை வணங்கினால், என்னைப்போல் பின்வாங்காமல் நின்று ஏற்றுக்கொள்ளுங்கள்.