பின்சீட்டு வாசகி

ஐம்பதைத் தாண்டியதும் எழுத்துகள் எனக்கு மரியாதை கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. கண்ணாடி போட்டாலும் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அதை ஒப்புக்கொள்ளாமல், இப்போதெல்லாம் யார் நன்றாக எழுதுகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பாவம், எழுத்தாளர்கள்.

குட்டை உடைத்தவள் கோலாலம்பூரிலிருக்கும் என் மகள். மின்நூல் படிக்கும் கருவி ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னாள். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். டவுனில் இன்டர்நெட் லைன் கிடைக்கும்போது புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டால், லைனே எட்டாத எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் படிக்கலாம். எதை வாங்குவதென்று முடிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. திரையில் விளக்கு உள்ளதா, இல்லாததா என்று மகள் கேட்டாள்.

"பகல்லதானே படிக்கப்போறேன், லைட் எதுக்குலா?" என்றேன்.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சா இது? எனக்குப் படிக்கக் கிடைப்பதே, காலையில் தோட்டத்திலிருந்து தானா ராத்தா டவுனிலுள்ள அலுவலகத்துக்கு வேனில் போகும் நேரம்தான். அந்நேரத்தில் பனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். முதல் நாள் கருவியைத் திறந்து, மூக்கு திரையில் இடிக்கும் வரை குனிந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பின்சீட்டிலிருந்து ஒரு வெளிச்சம் விழுந்தது. வழியில் வரும் கியா பார்ம் என்ற ஊரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அக்கா, தன் போன் டார்ச்சை என் தோளுக்கு மேலே பிடித்திருந்தார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்பதை இருவருமே கிளறியதில்லை. நன்றி சொல்லிவிட்டுப் படித்தேன், பக்கத்தைத் திருப்பினேன்.

"அண்ணே, பொறுங்கலா. நான் இன்னும் கடைசி வரிக்கு வரல."

எங்கள் பள்ளிக்கூடக் கரும்பலகையில்கூட நான் கருவியில் வைத்த அளவுக்குப் பெரிய எழுத்து இருந்ததில்லை. பின்சீட்டுக்கும் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன?

அன்றிலிருந்து புத்தகம் என்னுடையது, வெளிச்சம் அவருடையது. கதையில் வரும் மாமியாரை அவர் திட்டுவார். நான் வேண்டுமென்றே மாமியார் பக்கம் பேசுவேன். கியா பார்மில் அவர் இறங்கியதும் மூடிவிடுவேன். என்னை நாணயஸ்தன் என்று நினைத்துவிட வேண்டாம். டார்ச்சும் அவரோடு இறங்கிவிடும்.

தீபாவளிக்கு வந்த மகள் இந்தக் கூத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். விளக்குள்ளதாக வேறொன்று அனுப்புகிறேன் என்றாள். எனக்குத் திக்கென்றது. விட்டுப்போன வாசிப்பு அக்காவோடு சேர்ந்துதான் திரும்பி வந்திருந்தது. இனி அவருக்கு என்ன வேலை? மறுநாள் வேனில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அக்கா டார்ச்சை ஒரு தடவை அணைத்துப் போட்டார்.

"நல்லதுதானே, எனக்கும் சார்ஜ் மிச்சம். எழுத்த மட்டும் சின்னதாக்கிடாதீங்கண்ணே. எனக்குக் கண்ணாடி போட்டும் கடையில எழுதி வச்ச விலையே தெரியல."

புதியது வந்ததும் பழையதை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. தனியாகப் படித்தால் மாமியாருக்காக யார் சண்டைக்கு வருவார்கள் என்று கேட்டார்.

எழுத்தை இன்னும் ஒரு படி பெரிதாக்கியிருக்கிறேன். டார்ச் பிடிக்கும் வேலை இல்லாததால் அக்காவின் கை சும்மா இருப்பதில்லை. பின்சீட்டிலிருந்து ஒரு விரல் நீண்டு வந்து பக்கத்தைத் திருப்பிவிடுகிறது. பாதிக் கதை எனக்குப் புரிவதில்லை. இருக்கட்டும், மீதியை அவர் சொல்லிவிடுகிறார்.