வலது மேற்பகுதியில் ஒரு மங்கல்

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை, மாலை ஐந்து இருபது. மழை நின்றுவிட்டது, தூறல் நிற்கவில்லை. மனைவியின் எக்ஸ்ரே அறிக்கை கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது.

அவளுக்கு மூன்று வாரமாக இருமல். அன்று காலையில்தான் மந்தைவெளியில் எடுத்தோம். வலது நுரையீரலின் மேற்பகுதியில் 'ஹேஸி' நிழல், மருத்துவரிடம் காட்டவும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. எங்கள் மருத்துவர் திங்கள் மாலைதான் வருவார்.

முப்பத்து நான்கு வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் நான். அந்தச் சொல்லுக்குப் பனி மூட்டம், மங்கல், தெளிவின்மை என்று கரும்பலகையில் பொருள் எழுதிப் போட்டிருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் தேடியதில்லை. இப்போது தேடாமல் இருக்க முடியவில்லை. நுரையீரலைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை; சொல்லைப் பற்றியாவது கேட்கலாம்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் அவளை வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனேன். மூன்று தடித்த அகராதிகளைப் புரட்டினேன். நானூறு வருஷத்துக்கு முன் கப்பல்காரர்கள் கடல்மேல் படியும் மூட்டத்துக்குச் சொன்ன சொல்லாம். அதற்கு முன்னால்? மூன்றிலும் ஒரே பதில்: தெரியவில்லை. தெளிவற்றது என்ற பொருளில் 'வேக்' என்று எழுதியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அதன் லத்தீன் வேருக்கு அலைவது என்று பொருள். அலைவது எங்காவது போய்த் தொலையும். 'நெபுலஸ்' என்ற சொல்லின் வேர் மேகம், அதுவும் கலையும். இதற்கோ ஊரும் இல்லை, பேரும் இல்லை.

வீடு திரும்பி அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வாத்தியாரே, ஆட்டோக்காரனுக்குக் குடுத்த காசுல எனக்கு மைதா வாங்கியாந்திருக்கலாம்."

கொஞ்ச நேரம் பிசைந்தவள், மாவைப் பார்த்தபடியே கேட்டாள்: "அக்காவுக்கும் இருமல்லதானே ஆரம்பிச்சுது?"

அவளுடைய அக்கா ஏழே மாதத்தில் போய்விட்டாள். அது வேறு, இது வேறு என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கள் மாலை மருத்துவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். சின்ன வயசுப் பெண். நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்த மங்கலின் ஓரத்தை விரலால் தொட்டு, நுரையீரலைத் தாண்டித் தோள்பட்டைக்கு மேலே கழுத்துவரை கொண்டுபோனார்.

"இது நுரையீரலோட நிக்கலையே. அம்மா, அன்னிக்குத் தலைக்குக் குளிச்சீங்களா?"

சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஞாயிறு பூசைக்குப் போவது அவள் வழக்கம். மழையில் முடி காயவில்லை. ஈரத்தோடு பின்னிக்கொண்டுதான் படம் எடுக்க வந்தாள். பின்னலை எங்கே போட்டிருந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார்.

"அவங்க குடுத்த அங்கி முதுகுல நனையுதேன்னு, முன்னாடி இழுத்து உள்ள விட்டுக்கினேன்மா."

இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர். ஈர முடி படத்தில் இப்படி விழுவதுண்டாம். ஆனால் அதுதான் என்று அவர் உறுதி சொல்லவில்லை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே நான் நின்ற இருபது நிமிஷத்தில் நூலகத்து அகராதிகள் மூன்றும் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தன: தெரியவில்லை.

இரண்டாவது படத்தில் அந்த மங்கல் இல்லை. சளிக்கு மருந்து எழுதிக் கொடுத்து, இரண்டு வாரத்தில் இருமல் நிற்காவிட்டால் மறுபடி வரச் சொன்னார். அந்த 'விட்டால்' இன்னும் என்னோடு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு எக்ஸ்ரே தொள்ளாயிரம், மருத்துவர் ஐந்நூறு, மருந்து இருநூற்றுப் பதினைந்து, நூலகத்துக்குப் போய்வந்த ஆட்டோ முந்நூறு. கூட்டிக் கோடு போடும்போது அவள் உச்சியில் தூக்கிக் கட்டியிருந்த முடியை அவிழ்த்து, கிளிப்பை மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டாவது எக்ஸ்ரேக்குப் போறப்போ பக்கத்துக் கடையில வாங்கினது. பத்து ரூபா. அதையும் சேத்துக்குங்க."

சேர்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து ரூபாய்.