சந்தனப் பொட்டு வைத்த டிவிடி

எங்கள் தெருவில் டிஸ்க் எழுதும் வசதியுள்ள கணினி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பழைய சாமானை வெளியே போடத் துணியாத வீடு தெருவில் ஒன்றே ஒன்றுதான் என்றும் இதைச் சொல்லலாம். என் மனைவி அப்படித்தான் சொல்கிறாள்.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். எங்கள் மூக்கண்டப்பள்ளியில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நான்தான் வீடியோ நகல் எடுத்துக் கொடுத்தேன். விசேஷத்துக்கு அழைப்பு வராது. விசேஷம் முடிந்ததும் டிஸ்க் தவறாமல் வரும். பிறகு பென் டிரைவ் வந்தது, செல்போன் வந்தது, வாசல் சுத்தமானது. இப்போது ஒருவர் டிஸ்க்கோடு என் கதவைத் தட்டினால் அவருக்கு ஏதோ ஆபத்து என்று அர்த்தம்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் மாடி வீட்டுக்காரர் தட்டினார். சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவர். சொந்த ஊர் தளிப் பக்கம். அங்கே கொஞ்சம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார். ஒரு டிவிடியை இரண்டு கையாலும் பிரசாதம் போல ஏந்தியிருந்தார். அருகில் போனபோதுதான் அது உண்மையிலேயே பிரசாதமாகியிருப்பது தெரிந்தது. பளபளக்கும் பக்கத்தில் வரிசையாகச் சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் மேலும் குங்குமம்.

“என்னாங்க இது?”

“பூஜைக்கு வெச்சோம் சார். மிக்ஸி, வண்டி, அருவாமணை எல்லாத்துக்கும் எங்க வீட்ல பொட்டு வெச்சாங்க. கோர்ட்டு, பஞ்சாயத்துன்னு வந்தா இதுவும் ஆயுதம்தானேன்னு இதுக்கும் வெச்சுட்டாங்க.”

“அந்தப் பக்கம் வெச்சிருக்கலாமே?”

“மின்னுற பக்கம்தானே சார் மூஞ்சி?”

டிஸ்க்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அளக்கும் கருவி மேல் ஒரு தூசி இருந்தால் ஆளையே மாற்றிவிடும் எங்கள் மேலாளர், ஆயுத பூஜையன்று அதே கருவிக்குக் கை நிறையச் சந்தனம் அப்புவார். படித்தவர் செய்தால் அது பக்தி. மாடி வீட்டு அம்மா செய்தால் மட்டும் அறியாமையா?

விஷயம் இதுதான். தளியில் அவருடைய அண்ணன் நிலத்தில் ஒரு போர்வெல். இருவரும் சேர்ந்து போட்டது என்கிறார் இவர். தம்பி மேல் இரக்கப்பட்டுத் தண்ணீர் விட்டேன், இப்போது இரக்கம் தீர்ந்துவிட்டது என்கிறார் அண்ணன். தீர்ந்த கையோடு மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டும் போட்டுவிட்டார். ரோஜாச் செடிகள் வாடுகின்றன. வரும் ஞாயிறு ஊர்ப் பெரியவர்கள் உட்காரப்போகிறார்கள்.

“எழுத்துல ஒண்ணும் இல்ல சார். ஆனா அண்ணன் வீட்டு கிரகப்பிரவேசத்துல மைக்கப் புடிச்சு, ‘போர் ரெண்டு பேருக்கும் பொது’ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. வீடியோக்காரர் எதுத்தாப்புலதான் நின்னாரு. அது இதுல இருக்கு. ஒரு காப்பி போட்டுக் குடுங்க. இத அண்ணன் கைல குடுத்தா ஒடிச்சுப் போட்டுருவாரு.”

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பழைய பனியன் துணி. நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடேயே ஓடிப் படிக்க முடியாமல் செய்துவிடும். நான் ஒவ்வொரு கோடாகத் துடைப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

“வண்டிக் கண்ணாடி மாதிரி ஒரு சுத்து சுத்தித் தேச்சுடுங்க சார்.”

“அப்படித் தேய்ச்சா உங்க அண்ணன் ஜெயிச்சுடுவார்.”

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

டிரைவ் இரண்டு இடத்தில் முனகி நின்றது, யோசித்தது, பிறகு படித்தது. அறையில் லேசாகச் சந்தன வாசனை. முழுவதையும் கணினிக்குள் ஏற்றி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் புது டிஸ்க்கில் எழுதினேன். எழுதியதை ஓட்டிப் பார்க்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஓட்டினேன்.

தளியில் எடுத்த படம்தான். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் பனிமலை ஒன்று முளைத்திருந்தது. அண்ணனும் அண்ணியும் ஒரு தாமரைக்குள்ளிருந்து சுழன்றபடி வந்தார்கள். பந்தியில் ரசம் ஊற்றுகிறவர் மேல் நட்சத்திரங்கள் பொழிந்தன. ஒருவழியாக அண்ணன் மைக்கைப் பிடித்தார். மாடி வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அண்ணன் வாயைத் திறந்தார். ஒரு பெண்குரல் காதல் பாட்டுப் பாடியது.

அண்ணன் உணர்ச்சியோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். வயலின்கள் உருகின.

“உங்க மெஷின்ல சவுண்டு மாறி வருதா சார்?” அவர் குரலில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

மெஷின் மாற்றவில்லை. எங்கள் பக்கத்து வீடியோக்காரர்களுக்கு மனிதப் பேச்சு என்பது கழுவி ஊற்ற வேண்டிய அழுக்கு. அதைத் துடைத்துவிட்டுப் பாட்டை நிரப்பினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கைவண்ணத்தை ஊருக்கெல்லாம் நகல் எடுத்துப் பரப்பியவனே நான்தான். மாடி வீட்டுக்காரர் எழுந்து மேலே போய்விட்டார். மீதிப் படத்தை வேகமாக ஓட்டி, எங்காவது உறைகிறதா என்று மட்டும் பார்த்தேன். உறையவில்லை. தேறியது என்று உறைமேல் எழுதி வைத்தேன். தரப் பரிசோதனைக்காரன் புத்தி அவ்வளவுதான். எழுத்து சரியா என்று பார்ப்பான், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டான்.

ஞாயிறன்று வேறு வழியில்லாமல் அந்த டிஸ்க்கையே எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்காரர் தளிக்குப் புறப்பட்டார். போட்டுக்காட்ட ஆள் வேண்டுமென்று என்னையும் பஸ்ஸில் ஏற்றினார். பெரியவர் ஒருவர் வீட்டில் இன்னும் டிவிடி பிளேயர் இருந்தது. கூடத்தில் நான்கு பெரியவர்கள். எதிரே அண்ணன், வெள்ளை வேட்டியில், அன்றும் ஏதோ கிரகப்பிரவேசம் என்பது போல.

மைக் காட்சி வந்தது. பெண்குரல் பாடியது. அண்ணன் சிரித்தார். “பாருங்க, நானா சொன்னேன்? அந்தம்மா பாடுறாங்க.”

பெரியவர்கள் விடவில்லை. உதட்டைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல முடிவெடுத்தார்கள். திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார்கள். ஒருவர் அது கன்னடம் என்றார். ஒருவர் தெலுங்கு என்றார். மூன்றாமவர், “நோடப்பா, நல்லாப் பாரு, ‘சாப்ட்டுப் போங்க’ங்குறான், வேற ஒண்ணுமில்ல” என்று முடித்துவிட்டார். மூன்று மொழியும் பேசுகிற ஊரில் உதடு எதற்குத்தான் சாட்சி சொல்லும்? மாடி வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாக, “நிறுத்திடுங்க சார்” என்றார். ரிமோட்டைத் தேடினேன். நான்காமவர், “இருக்கட்டும் விடுங்க, படம் நல்லா இருக்கு” என்றார்.

அடுத்து, அன்றே நடந்த போர்வெல் பூஜை வந்தது. புது மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டிமேல் மாலை, சந்தனம். அண்ணன் பச்சைப் பொத்தானில் விரலை வைத்தார். ஏதோ நினைத்துக்கொண்டு நிறுத்தி, பின்னால் நின்ற தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, தன் விரல்மேல் வைத்து அழுத்தினார். வீடியோக்காரருக்கு இந்த இடம் பிடித்துப்போயிருக்க வேண்டும். மறுபடி ஒருமுறை மெதுவாகக் காட்டினார். பிறகு இன்னும் மெதுவாக. கடைசியில் இரண்டு கைகளையும் அப்படியே நிறுத்தி, சுற்றிலும் ஒரு சிவப்பு இதயம் வரைந்து, மேலே ரோஜா இதழ்களைக் கொட்டினார்.

பெரியவர்கள் திரையை நோக்கிக் குனிந்தார்கள். பாட்டு மட்டும் ஓடியது.

“ஏம்பா,” என்றார் நான்காமவர், “புது போருக்கு மொத பொத்தான் அமுக்குறது அதுல பங்குள்ளவன் மட்டும்தானே? நம்ம ஊர்ல வேற யாரு கை வெப்பாங்க? பங்கில்லாதவன் கையை எதுக்குப்பா இழுத்து வெச்ச?”

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதயத்துக்குள் அந்தக் கைகள் இன்னும் நின்றிருந்தன. “சின்னவன்தானேன்னு…” என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். சட்டைப்பையிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டிச் சாவியை எடுத்துத் தரையில் வைத்தார். நான்காமவர் முறைத்ததும், குனிந்து எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் தோட்டத்துக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதென்று முடிவானது.

இத்தனை வருடம் அந்தத் தாமரையையும் பனிமலையையும் இதயத்தையும் கேலி செய்திருக்கிறேன். கேலியைத் திரும்பப் பெறுவதாக இல்லை. பனிமலை இன்னும் பனிமலைதான்.

பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணன் வேகமாக வந்தார். சண்டைக்கு என்று நினைத்து மாடி வீட்டுக்காரர் என்முன் வந்து நின்றார்.

“சார், எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களா? அந்தப் பாட்ட எடுத்துட்டு, நான் பேசினத மட்டும் வெச்சு.”

“பேச்சு அதுல இல்லீங்களே. என்ன பேசினீங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“அதான் சார்,” என்றார் அவர், தம்பியைப் பார்க்காமல். “எனக்கே ஞாபகமில்ல.”